பந்தல் போடுமுன் போட வேண்டிய கணக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி சிறு விவசாயிகளுக்கான பாகல், பீர்க்கு, புடலை வழிகாட்டி

பந்தல் காய்கறி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கேட்டால் முதலில் விலையைத்தான் சொல்வார்கள். விலை விழுவது உண்மைதான். ஆனால் விலை நன்றாக இருந்த மாதங்களிலும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்பவர்கள் பாலக்கோடு, காரிமங்கலம், இராயக்கோட்டை பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், பணம் போன வழி பெரும்பாலும் பறிப்புக் கூலியாக இருக்கும். பாகல் காய்ப்புக்கு வந்துவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். ஆள் வரவில்லை என்று இரண்டு நாள் தள்ளினால் காய் பழுத்துவிடும், அதோடு கொடி புதுப் பிஞ்சு வைப்பதும் குறைந்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் வற்புறுத்தப்போவது ஒன்றுதான். பந்தல் எவ்வளவு பெரிசு என்பதை, எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் பறிக்க எத்தனை கை இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கணவன், மனைவி இரண்டு பேர் விடியற்காலையில் இறங்கிப் பறிக்க முடிகிற வீட்டுக்கு 40 சென்ட் போதும். ஏன் 40 என்பது கீழே வரும் கணக்கில் தெரியும்.

முதல் படி: சித்திரையில் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஐப்பசியில் போர்வெல் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்பதை வைத்துப் பந்தல் போடக்கூடாது. இரண்டு மாவட்டமும் பாறைப் பூமி. கோடையில் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் தெரியும். சித்திரையில் ஒருநாள், மோட்டார் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, 200 லிட்டர் டிரம்மை வைத்து நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் குழி எடுத்தால் 40 சென்ட்டுக்குச் சுமார் 540 குழி வரும். கோடை உச்சத்தில் சொட்டுநீரில் குழிக்கு 15 லிட்டர் என்று வைத்தால், நாளுக்கு 8,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. டிரம் நான்கு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 3,000 லிட்டர், மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. பத்து நிமிடம் ஆகிறது என்றால் மணிக்கு 1,200 லிட்டர்தான். அப்போது கோடைப் பயிரை 20 சென்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது ஆடிப்பட்டம் மட்டும் போடுங்கள்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு, தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதாரோடு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். பந்தலுக்கும் மானியம் வரும் திட்டங்கள் இருக்கின்றன. தொகையும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கல்லை இறக்குவதற்கு முன்பே அங்கே கேட்டுவிடுங்கள். போட்டு முடித்த பந்தலைக் காட்டி மானியம் வாங்குவது கஷ்டம்.

இரண்டாம் படி: கல்காலா, மரக்காலா?

கல் கிடைக்கும் ஊரில் இருக்கிறோம். கருங்கல் கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் நம் பக்கம் சாலையோரமெல்லாம் தெரியும். தைல மரம், மூங்கில் நட்டால் முதல் செலவு குறைவு, ஆனால் இரண்டு மூன்று பயிருக்குமேல் தாங்காது. அடியில் கரையான் அரித்து, புரட்டாசி மழைக்காற்றில் காய்ப் பாரத்தோடு சாய்ந்த பந்தலைத் தூக்கி நிறுத்தவே முடியாது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இதில் வரும் ரூபாய் எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். 40 சென்ட் கல்பந்தலுக்கு 1,20,000 ரூபாய். கல் பல தலைமுறை நிற்கும், கம்பி பத்து வருடம் என்று வையுங்கள். வருடம் இரண்டு பயிர் என்றால் இருபது பயிர். ஒரு பயிருக்கு 6,000 ரூபாய். கடன் வட்டியைச் சராசரியாகச் சேர்த்தால் 8,500 பக்கம் வரும். மரப்பந்தல் 30,000 ரூபாய், இரண்டரைப் பயிர் தாங்குகிறது என்றால் பயிருக்கு 12,000. நீண்ட காலத்தில் கல்தான் மலிவு. ஆனால் இது வருடம் இரண்டு பயிர் விடாமல் எடுப்பவருக்கு மட்டும்தான் பொருந்தும். தண்ணீர் இல்லாமல் வருடம் ஒரு பயிர்தான் என்றால் அந்த 8,500 ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். முதல் படியில் தண்ணீரை அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குத்தகை நிலத்தில் கல்பந்தல் போடாதீர்கள். பத்து வருடத்துக்கு எழுதிக்கொடுக்கிற நில உரிமையாளர் அபூர்வம்.

மூன்றாம் படி: கைக்கு வரும் விலை

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள்.

40 சென்ட் வீரிய ஒட்டுப் பாகலுக்கு, பறிப்பைத் தவிர்த்த செலவை இப்படி வைப்போம். உழவு, குழி, தொழுஉரம் 9,000. விதை 4,500. உரம் 8,000. மருந்து, பொறி 6,000. களை, கொடி ஏற்றிக் கட்டுவது 8,000. பந்தலின் பங்கு 8,500. மொத்தம் 44,000 ரூபாய். இது காய் வந்தாலும் வராவிட்டாலும் போகிற பணம்.

விளைச்சல் நான்கு டன், அதில் பத்தில் ஒரு பங்கு சொத்தை, வளைந்தது, பழுத்தது என்று கழித்தால் விற்கிற காய் 3,600 கிலோ. எழுபது நாள் பறிப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் முப்பத்தைந்து பறிப்பு, பறிப்புக்குச் சுமார் 115 கிலோ. ஒருவர் ஒரு காலையில் 60 கிலோ பறிப்பார் என்றால் இரண்டு பேர் வேலை. 40 சென்ட் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஏக்கர் முழுக்கப் போட்டால் ஒவ்வொரு பறிப்புக்கும் ஐந்து பேர் வேண்டும். உச்சக் காய்ப்பில் அதற்கும் மேலே.

இப்போது ஒரு கிலோவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டியில் 25 ரூபாய்க்குப் போகிறது. கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 2.50. வண்டி வாடகை 2. மூட்டை, இறக்குக்கூலி 1. பறிப்புக் கூலி, 300 ரூபாய்க்கு 60 கிலோ கணக்கில், 5. மிச்சம் 14.50. இதைத்தான் கைக்கு வரும் விலை என்கிறேன். சீட்டில் எழுதியிருக்கும் 25 உங்கள் விலையே இல்லை.

3,600 கிலோவுக்கு 52,200 ரூபாய். 44,000 போனால் மிச்சம் 8,200. நான்கு மாத உழைப்புக்கு அவ்வளவுதான். அதே காயை வீட்டு ஆட்களே பறித்தால் கிலோவுக்கு 5 ரூபாய் வீட்டிலேயே நிற்கும். 18,000 ரூபாய் கூடி 26,200 ஆகிறது. வீட்டு உழைப்புக்கும் விலை உண்டு, அதை இலவசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூலி யார் வீட்டுக்குப் போகிறது என்பதில்தான் சிறு விவசாயி பிழைப்பதும் நொடிப்பதும் இருக்கிறது.

இதே கணக்கிலிருந்து மூன்று எண்களை எடுத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதிவைக்கலாம். கூலி ஆள் வைத்துப் பறித்தால், மண்டி விலை சராசரி 22.50 இருந்தால்தான் போட்ட பணம் வரும். வீட்டு ஆட்களே பறித்தால் 17 ரூபாய்க்கே வந்துவிடும். மூன்றாவது எண் 9. அதற்குக் கீழே விலை போனால் கூலி கொடுத்துப் பறித்து அனுப்புகிற ஒவ்வொரு கிலோவுக்கும் நீங்கள்தான் கையிலிருந்து காசு கொடுக்கிறீர்கள். அந்த நாட்களில் முற்றப்போகும் காயை மட்டும் அறுத்துக் கீழே விட்டுவிடுங்கள். காயைக் கொடியிலேயே விட்டால் அடுத்த வாரத்துப் பிஞ்சு போய்விடும், அடுத்த வாரம் விலை ஏறலாம்.

கடன் வாங்குவதாக இருந்தால் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை முதலில் பாருங்கள், கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. வங்கியில் விவசாயி கடன் அட்டையில் வாங்கும் பயிர்க்கடன், சொன்ன தேதியில் கட்டினால் 4 சதவீதத்தில் முடியும். மண்டியில் முன்பணம் வாங்குவதை மட்டும் எப்படியாவது தவிருங்கள். வட்டி கேட்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க வேறு மண்டிக்குக் காய் கொண்டுபோகும் உரிமை போய்விடும். எடையில் கழிவு போட்டாலும் வாய் திறக்க முடியாது.

நான்காம் படி: எந்தக் காய்?

பாகலுக்கு விலை கூட, வேலையும் கூட. எங்கே அனுப்பப்போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு விதை வாங்குங்கள். கேரளத்தில் வெள்ளைப் பாகலுக்குத் தனி மரியாதை. நம் பக்கமும் பெங்களூருவிலும் பச்சைதான் ஓடும்.

பீர்க்கு, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகிறவர்களுக்கு நல்ல காய். அங்கே வீட்டுக்கு வீடு சமைக்கிறார்கள். ஒரே குறை, விளிம்பு உடைந்தால் கறுத்துவிடும். மூட்டையில் திணித்தால் பாதி விலைதான்.

புடலையில் எடை நன்றாக வரும். நீளப் புடலை போட்டால் பிஞ்சிலேயே நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்கவிடவேண்டும், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். காலையில் பந்தலுக்குள் குனிந்து போய் ஒவ்வொரு பிஞ்சாகத் தேடிக் கல் கட்டுவதும், பறிக்கும்போது அவிழ்த்துச் சேர்ப்பதும் நேரத்தைத் தின்கிற வேலை. வண்டியில் ஏற்றினால் நீளக் காய் முறியும். தொலைவுக்கு அனுப்புபவர்கள் குட்டைக் காய் ரகம் போடுவது புத்திசாலித்தனம்.

சுரைக்காய் எளிது, விலை குறைவு. பந்தலின் ஓரக் கால்களில் நான்கு கொடி விட்டால் போதும்.

சாம்பல் பூசணிக்கும் மஞ்சள் பூசணிக்கும் பந்தலே வேண்டாம், தரையில் ஓடும். நன்றாக முற்றிய காய் காற்றோட்டமான நிழலில் இரண்டு மாதம் தாங்கும். இந்தக் கூட்டத்திலேயே விலைக்காகக் காத்திருக்க முடிகிற காய்கள் இவை இரண்டுதான். ஆயுத பூஜைக்குத் திருஷ்டி சுற்ற நம் ஊரிலும் பெங்களூருவிலும் சாம்பல் பூசணி மலை மலையாகப் போகும். அதற்கு வைகாசியில் விதைக்கவேண்டும். ஆனால் பூஜை முடிந்த மறுநாள் அந்த விலை இருக்காது, அதனால் ஒரு வாரம் முன்பே பாதிக்கு மேல் விற்றுவிடுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பயிர்க் கையேட்டில் சாதாரண ரகங்களுக்கு ஹெக்டேருக்குப் பாகல் 14 டன், புடலை 18 டன், பீர்க்கு 14 முதல் 15 டன் என்று இருக்கும். வீரிய ஒட்டில் இதைவிட நிறைய எடுக்கலாம். விதைக்காரர் சொல்கிற டன்னை நம்பிக் கணக்குப் போடாமல், கையேட்டு அளவுக்கும் அவர் சொல்வதற்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். விதை, மண் பற்றிச் சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. பெங்களூருவை ஒட்டிய ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள், பாகலில் அர்கா ஹரித், பீர்க்கில் அர்கா சுமீத், இங்கேயும் வரும்.

ஐந்தாம் படி: எப்போது விதைப்பது

பாகல் விதைத்த 55, 60 நாளில் முதல் பறிப்பு. ஆடி முதல் வாரம் விதைத்தால் புரட்டாசி தொடக்கத்தில் காய் வரும். கறி சாப்பிடாத மாதம், காய்கறி நன்றாக ஓடும். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப மாலை. இது எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் எல்லோரும் ஆடியில் விதைக்கிறார்கள், புரட்டாசிக் கடைசியில் மண்டி நிரம்புகிறது.

40 சென்ட்டையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். 20 சென்ட் ஆனிக் கடைசியில், மீதி 20 சென்ட் மூன்று வாரம் கழித்து. முதல் பாதி ஏமாற்றினாலும் இரண்டாவது பாதி காப்பாற்றும், பறிப்பு வேலையும் பரவிக்கொள்ளும். பெரிய தோட்டக்காரர் ஒரே வண்டி ஏற்ற வேண்டியிருப்பதால் அவர் இதைச் செய்யத் தயங்குவார். சிறு விவசாயிக்கு இது கைவந்த வசதி.

தைப்பட்டத்தில் விதைத்தால் பங்குனி, சித்திரையில் காய். தண்ணீர் உள்ளவருக்கு இதுதான் நல்ல பட்டம், ஏனென்றால் அப்போது தண்ணீர் இல்லாதவர்கள் சந்தையில் இருக்க மாட்டார்கள். தேன்கனிக்கோட்டை, தளி மேட்டில் இருப்பவர்கள் தைக் குளிர் கொஞ்சம் தணிந்த பிறகு விதையுங்கள். குளிரில் கொடி ஓடாது. ஊத்தங்கரை, அரூர் பக்கம் அந்தக் கவலை குறைவு.

ஆறாம் படி: பயிர் வேலையில் காசு எங்கே ஒழுகுகிறது

குழிக்கு 10 கிலோ தொழுஉரம், 6:12:12 கலப்பு உரம் 100 கிராம் அடியுரமாக, முப்பது நாளில் 10 கிராம் தழைச்சத்து. கையேட்டில் உள்ளது இதுதான், தொடங்க இது போதும்.

இரண்டு இலைப் பருவத்தில் தொடங்கி வாரம் ஒருமுறை நான்கு தடவை எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி மருந்து 2.5 மில்லியை 10 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்தால் பெண் பூ கூடும். சில வீரிய ஒட்டுகளுக்கு இது தேவைப்படாது, விதைப் பொட்டலத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். கந்தகத் தூளையும் செம்புத் தூளையும் இந்தக் கொடிகளில் தூவக்கூடாது, இலை கருகும்.

மருந்தடிக்கும் நேரம் பூவைப் பொறுத்தது. பாகல் பூ காலையில் விரியும், தேனீயும் காலையில்தான் வரும். அதற்கு மாலையில் அடியுங்கள். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் பூக்கும், புடலை இருட்டும் நேரத்தில். அவற்றுக்குக் காலையில் அடிப்பது நல்லது. தேனீ செத்தால் பிஞ்சு நிற்காது, அந்த நஷ்டம் எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டிருக்காது.

பழ ஈதான் பெரிய திருடன். வெளியே சின்னப் புள்ளி, உள்ளே புழு. காய் மண்டிக்குப் போய்ச் சேரும்போது அந்த இடம் மஞ்சளாகி அழுகியிருக்கும், முழு மூட்டைக்கும் விலை குறையும். கியூலூர் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்குப் பத்து என்ற கணக்கில், உங்கள் 40 சென்ட்டுக்கு நான்கு, பூ வரும் முன்பே தொங்கவிடுங்கள். அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். அதனால் உதிர்ந்த காயையும் சொத்தைக் காயையும் பொறுக்கி ஆழமாகக் குழிவெட்டிப் புதைப்பதை விடவே கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். வரப்போரம் வீசிவிட்டால் அடுத்த தலைமுறையை நீங்களே வளர்த்த மாதிரி.

ஏழாம் படி: பறிப்பும் வண்டியும்

வெயில் ஏறுவதற்குள் பறித்து, நிழலில் கொட்டி, மூன்றாகப் பிரியுங்கள்: நேரானது, வளைந்தது, முற்றியது. கலந்து அனுப்பினால் மொத்தமும் கடைசி ரகத்தின் விலைக்குத்தான் போகும்.

பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கம் தக்காளி வண்டியிலேயே பாகலையும் ஏற்றிவிடுவது வழக்கம், வாடகை மிச்சம் என்று. பழுத்த தக்காளி எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பட்டால் பாகல் வேகமாக மஞ்சளாகும். ராத்திரி பச்சையாக ஏறிய காய் விடியும்போது நுனியில் மஞ்சள் கட்டியிருந்தால் ஏலத்தில் கையை எடுத்துவிடுவார்கள். வைகாசியில் மாம்பழ வண்டிக்கும் இதே கதைதான். ஒரே வண்டிதான் என்றால் காற்றுப் போகிற கிரேட்டில் வைத்து, பழத்திலிருந்து தள்ளிப் பின்பக்கம் ஏற்றச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: எங்கே விற்பது

உள்ளூர் மண்டி, பெங்களூரு, உழவர் சந்தை என்று மூன்று வழி. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தருமபுரியிலிருந்து 130 பக்கம். 115 கிலோவைத் தனியாகப் பெங்களூருவின் கலாசிபாளையம் சந்தைக்கு அனுப்பக் கணக்குக் கட்டாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் பறித்து ஒரு சின்ன யானை வண்டியை நிரப்பினால்தான் கிலோ வாடகை இறங்கும். உங்கள் பகுதியில் ஒழுங்காக நடக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் இந்த ஒரு காரியத்துக்காகவே சேரலாம். போவதற்கு முன் உழவன் செயலியில் அன்றைய விலையைப் பாருங்கள், மண்டிக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏற்றாதீர்கள்.

உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது. தருமபுரியிலும் ஓசூரிலும் கூட்டம் நன்றாக இருக்கிறது. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக அன்றன்றைக்கு விலை வைப்பார்கள். மண்டியில் 25 என்றால் இங்கே 30. வண்டிச் செலவு 2 போக 28. மண்டியில் பறிப்பைக் கழிக்காமல் நிற்பது 19.50. கிலோவுக்கு 8.50 கூடுதல், 80 கிலோ விற்றால் ஒரு காலைக்கு 680 ரூபாய். கூலிக்குப் போவதைவிட நல்லது.

ஆனால் 80 கிலோ பாகலை அங்கே விற்க முடியாது. வருகிறவர்கள் கால் கிலோ, அரைக் கிலோதான் கேட்பார்கள். அதனால் உழவர் சந்தைக்குப் போகிறவரின் பந்தல் கலவையாக இருக்கவேண்டும்: நான்கு வரிசை பாகல், நான்கு பீர்க்கு, நான்கு புடலை, ஓரத்தில் சுரை, கொடி மூடும் வரை அடியில் கீரை. மண்டிக்குப் போகிறவரின் பந்தலில் ஒரே காய் இருக்கவேண்டும். இரண்டையும் கலந்து யோசித்தால் இரண்டு இடத்திலும் அடி விழும். உழவர் சந்தை அட்டை வேளாண் விற்பனைத் துறை மூலம் கிடைக்கும். நிலத்தை வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள், விதைத்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

கொடி ஓய்ந்த பிறகு

ஒரே பந்தலில் பாகலுக்குப் பின் பீர்க்கு, பீர்க்குக்குப் பின் புடலை என்று ஓட்டிக்கொண்டே போனால் பழ ஈயும் நூற்புழுவும் அங்கேயே குடியிருக்கும். எல்லாம் ஒரே குடும்பம். வருடத்தில் ஒரு பயிராவது பந்தல் அவரை போடுங்கள். ஆடிக் கொடி ஓய்ந்ததும் அதை வேரோடு பிடுங்கி வெளியே போட்டு, அதே குழியில் அவரை ஊன்றலாம். சொட்டுநீர்க் குழாயை நகர்த்தவே வேண்டாம். அவரைக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். மார்கழி, தையில் பெங்களூருக்காரர்கள் அவரையை எவ்வளவு விரும்பி வாங்குகிறார்கள் என்பது ஓசூர்ச் சந்தையில் நிற்பவர்களுக்குத் தெரியும். பறிப்பும் பாகல் அளவுக்கு அவசரப்படுத்தாது, வாரம் ஒருமுறை பறித்தால் போதும்.